கடைசிப் பாட்டில் தாவும் பழைய சிடி பிளேயர்: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

காவேரிப்பட்டணம் உறுப்பினர்:
எங்க அப்பாவுக்குத் தெருக்கூத்து என்றால் உயிர். திரௌபதியம்மன் கோவில் பாரதக் கூத்தில் விடிய விடியப் பதிவு செய்ததை சிடியில் எழுதி வைத்திருந்தார். அவருக்குப் பிறகு அந்த சிடிகளும் பிளேயரும் என்னிடம் வந்தன. முதல் பாட்டெல்லாம் சுத்தமாகக் கேட்கும். கடைசிப் பாட்டுகள் வந்தால் முகவீணை என்ற ஊதுகருவி இழுக்கும்போதே அறுந்து அறுந்து தாவும், சில நேரம் நின்றே போகும். டவுனில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல் "லென்ஸ் போச்சு, ஸ்பேர் வராது" என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. லென்ஸ் போயிருந்தால் முதல் பாட்டு மட்டும் எப்படிங்க அவ்வளவு சுத்தமாக வரும்?

கிராமபோன் தட்டு ஓரத்திலிருந்து உள்ளே போகும். சிடி உள்ளேயிருந்து ஓரத்துக்கு வரும். அதனால் கடைசிப் பாட்டுகள் ஓரப் பக்கம் இருக்கும். ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் இடைவெளி 1.6 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தடத்தை லேசர் ஒளியால் படிக்கும் லென்ஸ் ஒரு இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நகர்கிறது. கம்பி எங்கே சிக்குகிறதோ அங்கே பாட்டும் சிக்கும்.

ஆனாலும் திறக்கும் முன் சிடியைச் சோதித்தேன். கடையில் வாங்கிய கம்பெனி சிடியும் அதே கடைசிப் பகுதியில் தாவியது; அப்பாவின் சிடி நண்பர் வீட்டில் முழுதாகப் பாடியது. ஆக, கோளாறு பிளேயரில். திறந்தால், கம்பியின் வெளி ஓரத்தில் பழைய கிரீஸ் பிசினாக இறுகி, அதில் மாவு மாதிரி தூசி. கிரானைட் அறுக்கும் பட்டறைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு அந்தத் தூசி தெரியும். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் கம்பியையும் பல்சக்கரத்தையும் துடைத்து, புது கிரீஸ் ஒரு பொட்டு வைத்தேன். இப்போது கடைசி வரை பாடுகிறது.

அரூர் உறுப்பினர்:
எனக்கு இடது பக்க ஸ்பீக்கர் ஊமை. பிளேயரின் பின்பக்கம் இடது, வலது ஒயரை மாற்றிச் செருகினேன். ஊமை வலது ஸ்பீக்கருக்குப் போனது. அதே இடதிலேயே நின்றிருந்தால் ஒயர், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் என்று தேட வேண்டியிருக்கும். மாறியதால் பிளேயர்தான் என்று தெரிந்தது. பின் சாக்கெட் அடியில் சால்டர் வட்டமாக விரிசல் விட்டிருந்தது. மறுபடி சால்டர் வைத்ததும் சரி.

ஓசூர் உறுப்பினர்:
எனக்குப் பாட்டு தாவாது, அடியில் "உம்ம்" என்ற இரைச்சல். பாட்டை நிறுத்தினாலும் போகாது. டிவியும் அதே ஆம்ப்ளிஃபயரில் இணைந்திருந்தால், முதலில் டிவி கேபிள் ஒயரைப் பிடுங்கிப் பாருங்க. அத்தோடு நின்றால் அது எர்த் சம்பந்தப்பட்டது, பிளேயரைத் தொடவே வேண்டாம். எனக்கு நிற்கவில்லை. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். டிசி-யாக மாற்றும்போது வரும் மிச்ச அலை 100 ஹெர்ட்ஸ். அந்த அலையைச் சமன்செய்யும் பவர் பகுதிக் கண்டன்சர் வயதாகி உலர்ந்தால் அதுதான் ஸ்பீக்கரில் கேட்கும். என் பிளேயரை ஆம்ப்ளிஃபயர் சூட்டின்மேல் வைத்திருந்தார்கள். கண்டன்சர் தலை உப்பியிருந்தது. ஆஃப் செய்த பிறகும் அதில் சார்ஜ் நிற்கும். பழக்கமில்லாதவர்கள் மெக்கானிக்கிடமே கொடுங்க.

காவேரிப்பட்டணம் உறுப்பினர்:
ஓசூர் அண்ணா சொன்னதோடு இன்னொன்று. மூடி இல்லாமல் ஓடவிட்டு லென்ஸுக்குள் குனிந்து பார்க்காதீங்க. 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும். லென்ஸ் பக்கத்திலுள்ள குட்டித் திருகைத் திருப்பினால் லேசர் பலம் கூடும், கொஞ்ச நாள் நன்றாகப் பாடும், பிறகு லேசரே போய்விடும். அதைச் செய்யச் சொல்கிறவர்களை நம்பாதீங்க.

சிடியைத் துடைக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைங்க. வட்டமாகத் துடைத்து விழும் கீறல் தடத்தோடு சேர்ந்து நீளும். விட்டுப்போனதை ஈடுகட்டும் பிளேயரின் பிழை திருத்தம் அதைத் தாங்காது. லேபிள் பக்கக் கீறல் இன்னும் மோசம், லேசரைத் திருப்பி அனுப்பும் பளபளப்புப் படலம் லேபிளின் மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. வீட்டில் எழுதிய சிடிக்குள் இருக்கும் சாயம் வெயிலிலும் காலத்திலும் மங்கும். கூத்துப் பதிவு வைத்திருப்பவர்கள், பிளேயர் சரியாகும் வரை காத்திருக்காமல், இந்த வாரமே கம்ப்யூட்டரில் ஏற்றி இரண்டு இடத்தில் வைத்துவிடுங்க.