பட்டினி போட்ட ஈஸ்ட்டில் மியூட்டேஷன் வேகம் கூடுகிறதா?

நுரைக்குமிழி:
ஆராய்ச்சியில் இரண்டாம் வருடம். ஈஸ்ட் செல்களை நைட்ரஜன் இல்லாத ஊடகத்தில் 8 நாள் வைத்துவிட்டு, கானவனின் கலந்த பிளேட்டில் பரப்பினேன். கானவனின் அர்ஜினின் வேஷத்தில் வரும் நஞ்சு. அதை உள்ளே விடும் கேன்1 ஜீன் கெட்ட செல்தான் பிழைக்கும். மூன்று தனித்தனிக் குழாய்கள். ஒன்றில் 9 காலனி, அடுத்ததில் 11, மூன்றாவதில் 140! மூன்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், பட்டினி போடாத செல்களைவிடப் பல மடங்கு அதிகம். பசியால் மியூட்டேஷன் வேகம் கூடியது என்று எழுதலாமா? அந்த 140-ஐ விட்டுவிடச் சொல்கிறார்கள், எனக்கு மனசு வரவில்லை.

பழைய இன்குபேட்டர்:
விட்டுவிடாதீர்கள், இருப்பதிலேயே அதிகம் பேசுவது அந்தக் குழாய்தான். பட்டினிக்கு முன்பே, செல்கள் பெருகத் தொடங்கிய நேரத்தில், ஒரு செல்லில் கேன்1 கெட்டிருக்கலாம். அதன் வாரிசுகள்தான் அந்த 140. லூரியாவும் டெல்ப்ரூக்கும் 1943-இல் பாக்டீரியாவில் காட்டியது இதைத்தான். காலனி எண்ணிக்கை வேறு, மியூட்டேஷன் வேகம் வேறு. சராசரி இங்கே ஏமாற்றும்.

அப்புறம் சாவுக்கணக்கு. 8 நாளில் சாதாரண செல்கள் கூடுதலாகச் செத்து, மியூட்டண்டுகள் (கேன்1 கெட்ட செல்கள்) தாக்குப்பிடித்தால், புதிதாக ஒன்றுமே பிறக்காமல் விகிதம் ஏறிவிடும்.

எதிர்ப்பக்கமும் ஒரு பொறி உண்டு, நான் ஒரு வருடம் அதில் மாட்டிக்கிடந்தேன். நைட்ரஜன் பஞ்சத்தில் செல் கேப்1 என்ற இன்னொரு வாசலைத் திறந்து வைக்கும், கானவனின் அது வழியாகவும் நுழையும். கேன்1 கெட்ட செல்லும் செத்துப்போகலாம். பிளேட்டில் அம்மோனியம் இருந்தால் அந்த வாசல் மூடும், ஆனால் உடனே மூடாது.

இவை இரண்டையும் ஒரே சோதனையில் பார்த்துவிடலாம். வேறொரு மருந்துக்கு எதிர்ப்பு உள்ள, கேன்1 கெட்ட இனத்தைச் சாதாரண செல்களோடு தெரிந்த அளவில் கலந்து பட்டினி போடுங்கள். 8 நாள் கழித்து அந்த விகிதம் மாறியிருக்கிறதா, கேன்1 கெட்டவற்றில் எத்தனை கானவனினில் பிழைக்கின்றன என்று எண்ணுங்கள்.

இரட்டைச்சுருள்:
மேலே சொன்னதெல்லாம் சரி. அதற்காகப் பட்டினியில் மியூட்டேஷனே நடக்காது என்று நினைத்துவிட வேண்டாம். பிரியாமல் கிடக்கும் செல்லிலும் டிஎன்ஏ ஆக்சிஜனேற்றத்தால் சேதமாகிறது, பழுதுபார்க்கும்போது பிழையும் விழுகிறது. சேதத்தின் மேலேயே தாண்டிப்போய் நகலெடுக்கும் பாலிமரேஸுக்கு (டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதி) ரெவ்3 என்ற ஜீன் வேண்டும். அது இல்லாத இனத்தையும் கூடவே ஓட்டுங்கள். அதில் மட்டும் ஏற்றம் குறைந்தால் உங்கள் கதை பலப்படும். இன்னொன்று, பிரியாத செல்லுக்குத் 'தலைமுறைக்கு இத்தனை' என்ற கணக்கு பொருந்தாது, நாளுக்கு இத்தனை என்று எழுதுங்கள்.

நுரைக்குமிழி:
இருவருக்கும் நன்றி. பிளேட் செய்முறையை எடுத்துப் பார்த்தேன், அம்மோனியம் சல்ஃபேட் இருக்கிறது. முதல் நாள் மாதிரியை நான் எடுக்கவே இல்லை, அதுதான் பெரிய ஓட்டை. இன்று 24 குழாய்களில் கொஞ்சம் கொஞ்சம் செல் விட்டு வளரவிட்டிருக்கிறேன். பட்டினி தொடங்கும் முன் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பங்கைப் பரப்பிவிடுவேன். கலப்புச் சோதனைக்கான இனம் பக்கத்து ஆய்வகத்தின் உறைபெட்டியில் இருக்கிறதாம், காலையில் போய்க் கேட்கிறேன்.