சர்க்கரை கட்டுக்குள் இருந்தும் அம்மாவுக்குப் பாத எரிச்சல், வேறு என்ன காரணம் இருக்கும்?

கேள்வி:
அம்மாவுக்கு 57 வயது. 10 வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், நெஞ்செரிச்சலுக்குத் தினமும் பான்டோபிரசோல். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.4தான். ஆனால் எட்டு மாதமாக இரண்டு பாதமும் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரிகிறது என்கிறார், இரவில் போர்வை பட்டாலே தாங்கவில்லை. போன வாரம் கோயிலுக்குப் போய் வரும் வழியில் ஒரு கால் செருப்பு கழன்று விழுந்திருக்கிறது, வாசலில் வந்து குனிந்து பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. நரம்பு டெஸ்டில் உணர்வு நரம்பு பாதிப்பு என்று வந்தது. காரணம் சொல்லவில்லை, வலி மாத்திரை மட்டும் கொடுத்தார்கள். அடுத்து எதைப் பார்க்கலாம்?

பதில்:
முதலில் ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவு பாருங்கள். பழைய சர்க்கரையும் காரணமாக இருக்கலாம், ஆனால் மெட்ஃபார்மின், பான்டோபிரசோல் இரண்டுமே நாள்பட எடுத்தால் பி12-ஐக் குறைக்கக்கூடியவை, அம்மா சைவம் என்றால் இன்னும் சந்தேகப்பட வேண்டும். சத்து மாத்திரை, ஊசி எதுவும் தொடங்கும் முன்னே ரத்தம் கொடுங்கள், இல்லாவிட்டால் அளவு ஏறிக் காட்டிவிடும். 200-300 என்று நடுவில் வந்தால் ஹோமோசிஸ்டீன், மெத்தில்மலோனிக் அமிலம் (பி12 குறைந்தால் ரத்தத்தில் ஏறும் பொருட்கள்) பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ரத்தசோகை இல்லை என்பதால் பி12 சரியாக இருக்கிறது என்று விட்டுவிட வேண்டாம், நரம்பு தனியாகவே கெடும். கண்ணை மூடி முகம் கழுவும்போது தள்ளாடுகிறாரா? பாத உணர்வு குறைந்தால் அப்படி ஆகும்.

பதில்:
மேலே சொன்னது சரி. அதோடு தைராய்டு, கிட்னி, ரத்தப் புரத டெஸ்டும் பார்க்கலாம். காசநோய் மாத்திரை எடுத்ததுண்டா? அதில் வரும் ஐசோனியசிட், வைட்டமின் பி6-ஐக் குறைக்கும், பி6 மாத்திரையை அளவுக்கு மீறிப் போட்டாலும் நரம்பு கெடும். அப்புறம், உடம்பில் உணர்ச்சியில்லாத வெளிர்ந்த தேமல் இருந்தால் கூச்சப்படாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள், தொழுநோய்க்கு மருந்து இலவசம், முழுதாகக் குணமாகும். ஓரிரு நாளில் கால் பலம் குறைந்து மேலே ஏறினாலோ, சிறுநீர் அடைத்தாலோ காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கேட்டவர்:
பி12 வெறும் 148. தேமல் இல்லை. அம்மா சைவம்தான், பாலும் சேர்வதில்லை. ஊசி தொடங்கியாகிவிட்டது, நரம்பு தேற மாதக்கணக்கில் ஆகும் என்றார் டாக்டர். மூன்று வாரத்தில் எரிச்சல் கொஞ்சம் குறைந்திருக்கிறது, செருப்பு இன்னும் கழல்கிறது. முகம் கழுவும்போது தள்ளாடுவதும் நிஜம், நாங்கள்தான் வயசு என்று விட்டிருந்தோம். இப்போது ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.