புதுப்பிப்பு: மத்தியதரைக் கடல் கப்பல் பயணம் – கப்பலா, ஊர்களா?

மத்தியதரைக் கடல் கப்பல் பயணத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பெரிய கப்பலாகப் பார்ப்பதா, அது நிற்கும் ஊர்கள் நல்லதாகப் பார்ப்பதா என்று மதுரையிலிருந்து கேட்டிருந்தேன். போய் வந்தாச்சு, எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, 'துறைமுகத்திலிருந்து ஊர் எவ்வளவு தூரம், கப்பல் எத்தனை மணி நேரம் நிற்கும் என்று பாருங்கள்' என்ற யோசனைதான். பயணத் திட்டத்தில் 'ரோம்' என்று போட்டிருந்தாலும் கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியா என்ற துறைமுகத்தில். அங்கிருந்து ரோமுக்கு ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். மால்டாவின் வல்லெட்டாவில் இறங்கினாலே கோட்டைச் சுவர், லிஃப்டில் ஏறினால் ஊர். முட்டி வலிக்கார அம்மாவுக்கு அதுதான் பிடித்தது.

எதிர்பாராதது கிரேக்கத் தீவான சான்டோரினி. கப்பல் கரைக்கு வராது. படகில் கொண்டுபோய் இறக்குகிறார்கள். மலை உச்சியில் இருக்கும் ஊருக்குப் போக கேபிள் கார் வரிசை, அழகர் ஆற்றில் இறங்கும் நாள் கூட்டம்தான்! இல்லையென்றால் ஏறக்குறைய 600 படி, வழியெல்லாம் கழுதைச் சாணம்.

அப்புறம், இடையில் துருக்கி வரும் பாதையென்றால் ஷெங்கன் விசாவை (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா) பலமுறை நுழையும் வகையாகக் கேட்டு வாங்குங்கள். துருக்கி அதில் சேராது, அங்கே போய்விட்டுத் திரும்பினால் மறுபடி நுழைவதாகக் கணக்கு.