நிருபர் துப்பறியும் நாவல்: 1993 குடியாத்தம், உதவி வேண்டும்

குடியாத்தத்துக்காரி:
வணக்கம். இரண்டு வருஷமாக ஒரு குற்ற நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். காலம் 1993, இடம் எங்க ஊர். வைகாசி முதல் நாள், கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஊரே கோபாலபுரத்தில் நெருக்கியடித்து நிற்கும் நேரத்தில், லுங்கிக் கடையில் கணக்கெழுதும் பெண் ஒருத்தி காணாமல் போகிறாள். மறுநாள் கௌண்டன்ய ஆற்றில் பிணமாக மிதக்கிறாள். தற்கொலை என்று போலீஸ் கேஸை மூடுகிறது. அடுக்கம்பாறை ஆஸ்பத்திரி போஸ்ட்மார்ட்டத்தை வைத்து அதை உடைப்பவர் ஒரு நாளிதழின் பகுதி நேர நிருபர். பகலில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்.

நிருபருக்கு யாரையும் நிறுத்தி விசாரிக்கிற அதிகாரம் கிடையாது. அதனால் இன்ஸ்பெக்டரே அவரைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்து எல்லாவற்றையும் சொல்வது போல எழுதிவிட்டேன். என் தம்பி படித்துவிட்டு, "இன்னாக்கா, போலீசுக்கே எல்லாம் தெரிஞ்சிருந்தா இவரு எதுக்கு?" என்றான். அவன் கேட்டதிலிருந்து ஒரு பக்கம்கூட நகரவில்லை. நிஜத்தில் ஒரு சின்ன ஊர் நிருபருக்குத் தகவல் எப்படி வரும்? அந்த வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

காட்பாடி ஜங்ஷன்:
சகோதரி, 1993-இல் அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரியே கிடையாது. அது 2005-இல் வந்தது. அப்போது வேலூரில் அரசு ஆஸ்பத்திரி என்றால் ஊருக்குள் இருந்த பென்ட்லண்ட்தான். மாவட்டத்தின் பேரும் வடாற்காடு அம்பேத்கர் மாவட்டம். 1989-இல் திருவண்ணாமலையைப் பிரித்தபோது வைத்த பேர். நிருபர் அனுப்பும் செய்தியில் அதுதான் இருக்க வேண்டும்.

அப்புறம், வைகாசி வெயிலில் நம்ம ஆற்றில் பிணம் மிதக்கத் தண்ணிக்கு எங்கே போவது? விவசாயக் கிணற்றில் போடுங்கள்.

பழைய நிருபர்:
அம்மா, நான் 1988-லிருந்து பதினாறு வருஷம் பாலாற்றங்கரையில் ஒரு ஊரில் பகுதி நேர நிருபராக இருந்தவன். இன்ஸ்பெக்டரை முதலில் வெளியே அனுப்புங்கள். அவர் வாயைத் திறக்க மாட்டார். ஸ்டேஷனில் எல்லாம் தெரிந்தவர் ரைட்டர். எழுத்து வேலை முழுக்க அந்த ஏட்டு கையில்தான். தினமும் காலையில் அவர் மேஜை முன்னால் போய் நிற்போம். "இன்னிக்கு ரெண்டு ஆக்சிடென்ட், ஒரு 174" என்பார். அப்போதைய சட்டத்தில் 174-ஆவது செக்‌ஷன் என்றால் சந்தேக மரணம். பேர், வயசு, தெரு, காரணம் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வோம்.

போஸ்ட்மார்ட்டத்தில் டாக்டர் கொலை என்று சொன்னால் அந்த 174, அப்போது கொலைக்கான செக்‌ஷனாக இருந்த 302 ஆக மாறும். செக்‌ஷனை மாற்றியதற்கு ஓர் அறிக்கை மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போயாக வேண்டும். ஸ்டேஷன் மறைத்தாலும் அந்தக் காகிதம் அங்கே வந்து கிடக்கும். உங்கள் நிருபருக்குக் கோர்ட் குமாஸ்தா ஒருத்தர் பழக்கமாக இருக்கட்டும். இன்னொரு ஆள் ஸ்டுடியோக்காரர். அந்தக் காலத்தில் பிணத்தைப் படம் பிடிக்க ஊர் ஸ்டுடியோவிலிருந்துதான் ஆளைக் கூப்பிடுவார்கள். பிரிண்ட் போலீசுக்குப் போய்விடும், நெகட்டிவ் ஸ்டுடியோ டிராயரில் இருக்கும். கிணற்றிலிருந்து தூக்கிய உடம்பில் வாயிலும் மூக்கிலும் நுரை இருந்ததா, கை எதையாவது இறுக்கிப் பிடித்திருந்ததா என்பதை அதில் பார்க்கலாம். உயிரோடு மூழ்கியவர்களிடம் பார்க்கக்கூடிய அடையாளங்கள் இவை.

நேரத்தை மறந்துவிடாதீர்கள். செய்தியையும் படத்தையும் கவரில் போட்டு, சாயங்காலம் வேலூர் போகிற பஸ்ஸில் டிரைவர் கையில் கொடுத்துவிடுவோம். அந்த பஸ்ஸை விட்டால் செய்தி நாளைக்கு இல்லை. அதற்குள் தெரிந்ததை வைத்து எழுதியாக வேண்டும். தப்பு நடப்பது இங்கேதான்.

என் கதை ஒன்று. ஒரு நாள் ரைட்டர் "இளம்பெண், கிணறு, தீராத வயிற்றுவலி" என்றார். எழுதினேன். நாலு வரி வந்தது. மூன்றாம் நாள் அந்தப் பெண்ணின் அம்மா என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார். கையில் அந்தப் பேப்பர். அவருக்குப் படிக்கத் தெரியாது, யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். "எம் பொண்ணுக்கு ஒரு நாளும் வயித்து வலி வந்ததில்ல சாமி. உனுக்கு யாரு சொன்னது?" என்றார். எனக்குப் பதில் இல்லை. ரைட்டரிடம் திரும்பப் போய்க் கேட்டேன். "முடிஞ்சிபோன கேஸு, விடு" என்றார். ஒரு மாசம் அலைந்தேன். கடைசிவரை ஒன்றும் பிடிபடவில்லை.

பழைய கட்டிங்குகளை எடுத்துப் பார்த்தால் அதே "தீராத வயிற்றுவலி"யை நானே எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறேன்! அத்தனை பேருக்குமா வயிறு வலித்திருக்கும்? உங்கள் நிருபர் முதலில் போலீஸ் சொன்னதை எழுதிக் கொடுத்தவராக இருக்கட்டும் அம்மா. அந்த நாலு வரியை எழுதிய கையே அதைத் தேடிப் போகட்டும்.

காட்பாடி ஜங்ஷன்:
ஐயா சொல்வதோடு ஒன்று. அந்தப் பெண் கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் இறந்தவளாக இருந்தால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை வரும். பெற்றவர்களை ஆர்.டி.ஓ.வே கூப்பிட்டு வாக்குமூலம் வாங்குவார். நிருபர் வராந்தாவில் காத்திருந்து, வெளியே வருகிற அம்மாவிடம் பேசலாம். அதற்கு ஒரு அதிகாரமும் தேவையில்லை.

குடியாத்தத்துக்காரி:
ஐயா, படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இன்ஸ்பெக்டர் டீ வாங்கிக் கொடுக்கும் அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். ஆற்றையும் கிணறாக மாற்றிவிட்டேன். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். நாவல் இனி அந்த நாலு வரிச் செய்தியோடுதான் தொடங்கும், அடுத்த பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வாசலில் அம்மா. உங்கள் அனுபவத்தை இப்படி எடுத்துக்கொள்ள எனக்கு அனுமதி உண்டா?

பழைய நிருபர்:
எடுத்துக்கொள் அம்மா. ஒன்று விட்டுப்போச்சு. செய்தியில் வயசு 23 என்று போட்டிருந்தேன். 21தான். அதையும் அந்த அம்மாதான் சொன்னாங்க.