தஞ்சாவூர் வீடு குழு: நிலா வருவதற்கு ஒரு வாரம் முன்பு

செல்வி பெரியம்மா: ரம்யா, நம் தெருக்கடைசி வீட்டுப் பையனுக்கும் உன் மகள் நிலாவுக்கு இருக்கிற அதே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸாம். கல்யாணத்துக்கு அவர்களையும் அழைத்துவிட்டேன். இரண்டும் சேர்ந்து விளையாடட்டும், அவளுக்கும் ஒரு துணை.

ரம்யா (டொராண்டோ): பெரியம்மா, அது மட்டும் வேண்டாம். நுரையீரலில் சளி கெட்டியாகத் தேங்கி, செரிமானமும் கெடுகிற இந்த வியாதி பிறவியிலேயே வருவது, ஒட்டாது. ஆனால் இந்தப் பிள்ளைகளின் சளியில் சூடோமோனாஸ், பர்க்ஹோல்டேரியா மாதிரி கிருமிகள் குடியேறிவிடும், நம்மை அவை பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, இவர்களுக்குள் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போனால் அப்புறம் விரட்டுவது கஷ்டம். மருத்துவமனையிலேயே இரண்டு பேரைப் பக்கத்தில் உட்கார வைக்க மாட்டார்கள், குறைந்தது ஆறடி தள்ளித்தான்.

செல்வி பெரியம்மா: ஐயோ, கூப்பிட்டுவிட்டேனே. வராதே என்று எப்படிச் சொல்வது?

ரம்யா: அந்த அம்மாவின் நம்பர் கொடுங்கள், நானே பேசுகிறேன். அவருக்கு விளக்கமே தேவைப்படாது. அவர்கள் மாலை வரவேற்புக்கு வரட்டும், நாங்கள் காலை முகூர்த்தத்தோடு கிளம்பிவிடுகிறோம்.

குமார் அண்ணன்: பம்புசெட் தொட்டியில் குளிக்கிறேன், நாற்று நடுகிறேன் என்று போனில் குதித்தாளே?

ரம்யா: இரண்டும் கிடையாது அண்ணா. வயல் சேற்றிலும் தேங்கின தண்ணீரிலும் மெலியாய்டோசிஸ் என்கிற கடுமையான தொற்றைத் தரும் கிருமி இருக்கலாம், நம் ஊர்ப் பக்கமும் உண்டு. நீங்கள் தினமும் அதில்தான் நிற்கிறீர்கள், ஆனால் அவள் நுரையீரல் தாங்காது. நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், நான் சொன்னால் அழுவாள்.

அம்மா: விமானத்தில் மூச்சு முட்டாதா?

ரம்யா: உள்ளே காற்று ஊட்டி உயரத்தில் இருக்கிற மாதிரிதான் இருக்கும்மா. டாக்டர் சோதித்துப் பார்த்து, ஆக்ஸிஜன் தேவையில்லை என்று கடிதமும் கொடுத்துவிட்டார். நெபுலைசர், மருந்து எல்லாம் என் கைப்பையில்தான், பெட்டி வழியில் தொலைந்தால் நான் என்ன செய்வேன்?

அம்மா: சரி, அவளுக்கு உப்பைக் குறைத்தே சமைக்கிறேன்.

ரம்யா: கூட்டுங்கள்மா! அவளுக்கு வியர்வையிலேயே உப்பு நிறையப் போய்விடும், ஆவணி வெயிலில் கேட்கவே வேண்டாம். நீர்மோர் உப்புத் தூக்கலாகவே இருக்கட்டும். நெய், வடை எதுவும் தரலாம், சாப்பிட உட்காரும்போதே செரிமானத்துக்கான என்சைம் மாத்திரை போட்டாளா என்று மட்டும் பாருங்கள், இல்லாவிட்டால் வயிற்றுவலிதான்.

ப்ரியா சித்தி: நான் இங்கே உப்பில்லாமல் கஞ்சி குடிக்கிறேன், அவளுக்கு நெய் வடையா!

கார்த்தி: அக்கா, ஏர்போர்ட்டுக்கு நான்தானே கார் ஓட்டி வருகிறேன்? இரண்டு நாளாக லேசாக இருமல்.

ரம்யா: லேசோ பலமோ, நீ வராதே.

குமார் அண்ணன்: சாவியை என்னிடம் கொடுத்துவிடுடா.