சின்ன ஆபீசுக்கு ஸ்கெட்ச்அப் போதுமா? சில குறிப்புகள், சண்டைக்கும் தயார்

தஞ்சை வரைபலகை

தஞ்சாவூரில் இரண்டே பேர் உள்ள ஆபீஸ், நானும் ஒரு டிராஃப்ட்ஸ்மேனும். பெரும்பாலும் 1,000 முதல் 1,800 சதுர அடி வீடுகள். ஆறு வருடமாக முழு வேலையும் ஸ்கெட்ச்அப் என்ற 3டி வரைபட மென்பொருளில்தான். போன வாரம் ஒரு ஜூனியர், "அக்கா, எங்கிருந்து ஆரம்பிக்க?" என்று கேட்டாள். அவளுக்கு எழுதியதையே இங்கே போடுகிறேன்.

முதலில் சுவர். வெளிநாட்டு மென்பொருளில் தானாக வரும் சுவர் நம்முடையது அல்ல. சீஃப் ஆர்க்கிடெக்ட் மாதிரியான அமெரிக்க மென்பொருளில் உள்சுவர் நாலரை அங்குலம்: மூன்றரை அங்குல மரச்சட்டம், இரு பக்கமும் அரை அங்குல ஜிப்சம் பலகை. நாம் கட்டுவது ஒன்பது அங்குலச் செங்கல். அதை மாற்றாமல் பிளான் போட்டால், ஒரு திசையில் நாலு சுவர் வரும்போது ஒன்றரை அடி காணாமல் போய்விடும்.

அப்புறம் பூச்சு. மனையடி பார்க்கிற குடும்பத்துக்கு உள்அளவு 11 அடி என்றால், பூசி முடித்த பிறகு 11 அடி. செங்கல் முகத்திலிருந்து அளவு போட்டால், இரு பக்கமும் அரை அங்குலம் போய் 10 அடி 11 அங்குலம்தான் மிஞ்சும். கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் வீட்டுப் பெரியவர் டேப்போடு வந்து நிற்பார், பார்த்திருக்கிறேன். அதனால் மாடலில் செங்கல் ஒரு குரூப் (ஒன்றாகக் கட்டிவைத்த பகுதி), பூச்சு தனிக் குரூப்.

எந்தக் கோட்டையும் நேரே டேக்கில் (பகுதிகளைக் காட்டவும் மறைக்கவும் வைக்கும் பெயர்ச்சீட்டு) வரையாதே. அன்டேக்டு என்ற டேக் இல்லாத நிலையில் வரைந்து, குரூப் ஆக்கி, குரூப்புக்கு மட்டும் டேக் கொடு. (2020 பதிப்புக்கு முன்னால் இதற்கு லேயர் என்று பெயர்.) 3டி வேர்ஹவுஸ் என்ற இணைய மாடல் கிடங்கிலிருந்து கண்டதையும் இறக்காதே, சில சோபாக்கள் நீ வரைந்த மொத்த வீட்டை விடக் கனமாக இருக்கும். இரும்பு பீரோ, கிரைண்டர், ஊஞ்சல், லாஃப்ட், சன்ஷேடு எல்லாம் ஒரு முறை சரியான அளவில் நீயே செய்து வைத்துக்கொள். இலவச வெப் பதிப்பு தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் நினைவில் வை.

கடைசியாக, முதல் சந்திப்பிலேயே வாடிக்கையாளருக்கு 3டி காட்டிவிடு. பாதிப் பேருக்கு பிளான் படிக்க வராது. தலையை மட்டும் ஆட்டுவார்கள்.

ஒன்பதங்குலம்

அம்மா, கடைசிப் பத்தியில்தான் எனக்குச் சண்டை. மற்றதெல்லாம் சரி.

மதுரைப் பக்கம் முப்பது வருஷமாக சைட்டில் நிற்கிறவன் நான். முதல் நாளே எலிவேஷன் படத்தை, அதாவது முகப்பைப் பார்த்துவிட்ட வீட்டுக்காரர் அதற்கப்புறம் பிளானைப் பற்றிப் பேசவே மாட்டார். "அந்த ஆரஞ்சு கலர் பட்டை எங்கே வரும்?" என்பார். தூணை எங்கே நிறுத்துவது என்று நான் யோசித்துக்கொண்டிருப்பேன், அவர் கிளாடிங் கல் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். படத்துக்காகப் பீமை இழுத்த வீடுகள் எனக்குத் தெரிந்தே நாலைந்து இருக்கின்றன.

இன்னொன்றும் சொல்கிறேன். ஒரு ஆபீஸ், பெயர் வேண்டாம், எனக்கு அனுப்பிய டிராயிங்கில் வடக்கு ஜன்னல் எதற்கும் சன்ஷேடு இல்லை. போன் போட்டுக் கேட்டேன். "மாடலில் ஷேடோ போட்டுப் பார்த்துவிட்டோம் சார், மத்தியான வெயில் தெற்கில்தான் விழுகிறது, வடக்குக்குத் தேவையில்லை" என்றார்கள். நானும் படித்த பிள்ளைகள் சொல்கிறார்களே என்று விட்டுவிட்டேன். ஜூன் மாதம் வீட்டுக்காரர் கூப்பிட்டார், படிக்கிற அறையில் வடக்கு ஜன்னல் வழியாகக் காலையிலிருந்து வெயில் என்று. இதுதான் உங்கள் மென்பொருள்.

ரெவிட் கோவை

ஸ்கெட்ச்அப்பில் முழு வேலை என்பதே தவறு. சுவரை நகர்த்தினால் கதவுப் பட்டியல் தானாக மாற வேண்டும், செக்ஷன் (வெட்டுத் தோற்றம்) தானாக மாற வேண்டும். ரெவிட் மென்பொருளில் மாறுகிறது. உங்கள் மாடலில் சுவர் என்பது வெறும் பெட்டி, அது சுவர் என்று மென்பொருளுக்குத் தெரியாது.

தஞ்சை வரைபலகை

ரெவிட் சார், நீங்கள் சொல்வது உண்மைதான், ஆஸ்பத்திரியோ கல்லூரியோ வரைந்தால் நானும் அதற்குத்தான் போவேன். ஆனால் என் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பழைய பதிப்பு வைத்திருக்கிறார். புதிய பதிப்பில் சேமித்த ரெவிட் கோப்பைப் பழையதில் திறக்க முடியாது. ஏழு கதவு உள்ள வீட்டில் கதவுப் பட்டியலை நான் கையாலேயே எழுதிவிடுவேன்.

ஒன்பதங்குலம் சார், உங்கள் வடக்கு ஜன்னல் கதையைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, மன்னிக்கவும். அந்த ஆபீஸ் செய்த தப்பு என்னவென்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நானும் அதைச் செய்திருக்கிறேன்.

ஸ்கெட்ச்அப் பிறந்த ஊர் அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் உள்ள போல்டர். நீங்கள் இடம் எதுவும் கொடுக்காமல் நிழலை ஓட்டினால், அது போல்டரின் சூரியனைத்தான் காட்டும். அந்த ஊர் 40 பாகை வடக்கு. அங்கே வருடம் முழுக்க மத்தியான வெயில் தெற்கிலிருந்துதான். மதுரை 10 பாகைக்குச் சற்றுக் கீழே. நமக்கு ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை சூரியன் வடக்குப் பக்கமாகவே உதித்து, வடக்குப் பக்கமாகவே மறைகிறது. ஜூன் 21 அன்று தெற்குச் சுவரில் நேர் வெயிலே படாது. ஜியோ-லொகேஷனில் மதுரை என்று கொடுத்திருந்தால் மாடலே இதைக் காட்டியிருக்கும்.

இன்னொரு பொறியும் உண்டு. மாடலில் பச்சை அச்சுதான் வடக்கு. நம் பழக்கமோ தெருவைத் தாளின் அடியில் வைத்து வரைவது. கிழக்குப் பார்த்த வீட்டை அப்படியே இறக்கினால் மேற்கு திசை பச்சை அச்சில் போய் உட்காரும், நிழல் முழுக்க 90 பாகை தப்பு. இடம் கொடுத்தவர்கள்கூட இதில் விழுவார்கள்.

ஒன்பதங்குலம்

அதாவது என் மேஸ்திரிக்கு அமெரிக்கா எங்கே இருக்கிறது என்று தெரியாததால் அவர் சன்ஷேடு சரியாக வைத்துவிடுகிறார்!

விளையாட்டுக்குச் சொல்லவில்லை அம்மா. நாலு பக்கமும் இரண்டடி சன்ஷேடு என்பது ஊர் வழக்கம். அதில் இந்த ஜூன் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது, மழைக் கணக்கும் சேர்ந்து. மென்பொருள் அந்த வழக்கத்தை எடுத்துவிடுவதற்கு ஒரு காரணம் கொடுத்தது, அந்தக் காரணமும் தப்பு. செட்டிங் சரியாக இருந்தால் சரியாகச் சொல்லும் என்கிறீர்கள். செட்டிங் தப்பு என்று கண்டுபிடிக்க, பதில் முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டுமே?

ஓசூர் குடித்தனம்

நான் ஆர்க்கிடெக்ட் இல்லை, வீடு கட்டிச் சூடுபட்டவன். உள்ளே வரலாமா?

எனக்குக் காட்டிய படத்தில் படுக்கையறை ஒரு ஹால் மாதிரி இருந்தது. கட்டில், பீரோ, ஓரத்தில் ஒரு நாற்காலி, நடுவே நடனம் ஆடலாம். கட்டி முடித்து ஆறடிக்கு ஆறரை அடிக் கட்டிலைப் போட்டோம். அறை 10க்கு 11. கட்டிலைச் சுவரோடு ஒட்டினால் மறுபக்கம் நாலு அடி. அதில் பீரோ ஒன்றரை அடி, அதன் கதவு திறக்க இன்னொரு ஒன்றரை. நிற்பதற்கு மிச்சம் ஓரடி. சண்டை வந்தால் யாராவது ஒருவர் கட்டில் மேல்தான் ஏற வேண்டும்.

அளவு தப்பு இல்லை, 10க்கு 11 என்று பிளானில் எழுதியே இருக்கிறது. அந்தப் படம் மட்டும் எப்படி அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது? யாராவது சொல்லுங்கள்.

தஞ்சை வரைபலகை

சொல்கிறேன் சார். இதை எங்கள் தொழிலில் பலர் தெரிந்தேதான் செய்கிறோம்.

ஸ்கெட்ச்அப்பில் கேமராவின் பார்வைக் கோணம் முதலில் 35 பாகை, கண் உயரம் ஐந்தரை அடி. சின்ன அறைக்குள் நின்றால் 35 பாகையில் ஒரு சுவரும் அரைக் கட்டிலும்தான் தெரியும். அதனால் 70, 80 என்று ஏற்றி, கேமராவைச் சுவருக்கு வெளியே தள்ளி, குறுக்கே வரும் சுவரை மறைத்துவிடுவோம். எதிர்ச் சுவர் தூரத்துக்குப் போய்விடும். கூடவே வேர்ஹவுஸில் இறக்கிய கட்டில் ஐந்தடியாக இருந்திருக்கும், யாரும் அளந்திருக்க மாட்டார்கள். இரண்டும் சேர்ந்தால் ஹால்தான்.

எங்கள் ஆபீசில் உள்அறைப் படத்துக்கு 55க்கு மேல் போவதில்லை. அறை முழுக்கத் தெரியாவிட்டால் போகட்டும், மேலிருந்து கூரையைக் கழற்றிக் காட்டிவிடுவேன். பீரோ கதவைத் திறந்த நிலையிலேயே வரைந்து வைத்திருக்கிறேன். வாஷிங் மெஷினும் அப்படித்தான்.

ஒன்பதங்குலம் சார், முதல் சந்திப்பு பற்றி நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். 3டி காட்டலாம், ஆனால் வெள்ளையாக. பொருளும் வேண்டாம், வண்ணமும் வேண்டாம், எலிவேஷன் பட்டையும் வேண்டாம். அளவும் வெளிச்சமும் நடைபாதையும் மட்டும். பிளானில் கையெழுத்து ஆன பிறகுதான் கல்லும் பெயின்டும். இதை எங்கள் ஆபீசில் ஏற்கெனவே பாதி செய்கிறோம், ஜூனியருக்கு எழுதும்போது விட்டுவிட்டேன்.

வடமராட்சி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நான் படம் கீறும் வீடுகளின் உரிமையாளர்களில் கனபேர் கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள். காணியை அவர்கள் கடைசியாகப் பார்த்தது பத்து வருசத்துக்கு முதல். அவர்களிடம் 3டி காட்டாதே என்றால் எனக்குத் தொழிலே இல்லை. மேசனுடன் கதைப்பதற்கு அங்கே தகப்பனார் மட்டும்தான் இருப்பார்.

ஆனால் ஓசூர் அண்ணன் சொன்ன பிரச்சினை எனக்கும் வந்தது. இப்போது நான் செய்வது: வீடியோ அனுப்பும்போது கூடவே ஒரு அளவும் அனுப்புவேன். "உங்கட ஹோலில் பத்துக்குப் பதினொன்று ஒட்டுநாடா ஒட்டி, அதுக்குள்ள நிண்டு பாருங்கோ" என்பேன். டொரொண்டோவில் ஒருவர் ஒட்டிப் பார்த்துவிட்டு அன்றிரவே இரண்டு அறையை ஒன்றாக்கச் சொன்னார். மென்பொருளால் முடியாததை ஒட்டுநாடா செய்தது.

ஒன்பதங்குலம்

தம்பி வடமராட்சி, நாடா யோசனை பிரமாதம். நாங்கள் சைட்டில் சுண்ணாம்புத் தூளால் போட்டு வீட்டுக்காரரை உள்ளே நிற்க வைப்போம். "இவ்வளவுதானா?" என்பார்கள். வெறும் மண்ணில் எல்லா அறையும் சின்னதாகத்தான் தெரியும், அதனால் அதிலும் ஒரு பொய் உண்டு.

ஆனால் ஒன்று கேட்கிறேன். 3டி இல்லாமல் கண்டுபிடிக்க முடியாத தப்பு என்று ஒன்று சொல்லுங்கள், பார்ப்போம். மாடிப்படிக்கு அடியில் டாய்லெட் கேட்பார்கள். தளத்துக்குத் தளம் 10 அடி, ஆறு அங்குலப் படி 20. பத்துப் படியில் லேண்டிங் (படி திரும்பும் மேடை) வைத்தால் 5 அடி, சிலாப் கனம் போக நாலடி ஏழு அங்குலம், குனிந்துதான் போக வேண்டும். முதல் ஃபிளைட்டில் 13 படி ஏற்றினால் லேண்டிங் ஆறரை அடிக்குப் போகும், அடியில் ஆறடிக்கு மேல் கிடைக்கும், நீளம் மட்டும் பத்தடி வேண்டும். பென்சிலில் ஒரு செக்ஷன், பத்து நிமிஷம். இதற்கு எதற்குக் கம்ப்யூட்டர்?

தஞ்சை வரைபலகை

இதற்கு வேண்டாம்தான். என்னிடம் வந்ததைச் சொல்கிறேன்.

இதே மாதிரிப் படி. செக்ஷன் போட்டோம், லேண்டிங், டாய்லெட் எல்லாம் சரி. ஸ்ட்ரக்சுரல் டிராயிங் வந்த பிறகு பீம்களை மாடலில் ஏற்றினேன். டைனிங்கைத் தாங்க ஒரு பீம், மொத்த ஆழம் ஒன்றரை அடி, படிக்கட்டின் மேல் குறுக்கே கடக்கிறது. செக்ஷன் வெட்டிய பிறகு சேர்த்த பீம் அது, எங்கள் தாளில் இல்லை. பீமின் அடி எட்டரை அடியில். ஆறாவது படி மூன்று அடி உயரம். அங்கே நிற்பவருக்கு மிச்சம் ஐந்தரை அடி. மாடலில் படியேறிப் பார்த்தபோது கேமரா பீமுக்குள் புகுந்துவிட்டது, அப்படித்தான் தெரிந்தது. காங்கிரீட் போட்ட பிறகு தெரிந்திருந்தால் என்ன செய்திருப்போம்?

அதனால் ஜூனியருக்கு இன்னொரு வரி: சோபாவுக்கு முன்னால் பீமை ஏற்று.

ரெவிட் கோவை

ரெவிட்டில் கிளாஷ், அதாவது ஒன்றோடொன்று இடிக்கிறதா என்று பார்க்கும் வசதி இருக்கிறது. சும்மா சொன்னேன்.

ஒன்பதங்குலம்

இதை ஒப்புக்கொள்கிறேன். பீம் டிராயிங் ஒருவரிடமும் படி டிராயிங் இன்னொருவரிடமும் இருந்தால் பென்சில் தோற்கும். எங்கள் காலத்தில் இரண்டையும் ஒரே ஆள் போட்டார்.

நேற்று ராத்திரி பையனை உட்கார வைத்து, மதுரை என்று கொடுத்து, வடக்கையும் திருப்பி, ஜூன் 21 ஓட்டிப் பார்த்தேன். நீங்கள் சொன்னது போலவே தெற்குச் சுவர் காலையிலிருந்து சாயங்காலம் வரை நிழலில் இருந்தது. ஆனால் என் வீட்டில் கிழக்கு ஜன்னலில் காலை எட்டு மணிக்கு வெயில் இருப்பதாகக் காட்டுகிறது. நிஜத்தில் எதிர் வீட்டு மாடித் தண்ணீர் டேங்க் மறைக்கிறது. அது உங்கள் மாடலில் இல்லையே?

தஞ்சை வரைபலகை

பக்கத்து வீடுகளை வெறும் பெட்டியாக வரைந்து வைத்துவிடுங்கள் சார், டேங்கையும் சேர்த்து. உயரம் மட்டும் சரியாக இருந்தால் போதும்.

ஒன்பதங்குலம்

உயரத்தை யார் அளப்பது? யாராவது டேப்பை எடுத்துக்கொண்டு அந்த மாடிக்கு ஏற வேண்டுமா இல்லையா?