மறுமொழி: போஸ்ட்டாக்குக்குப் ‘பின்முனைவர்’ சரியா?

அண்ணாச்சிக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். முனைவர் பட்டம் முடித்த பிறகு செய்கிற தற்காலிக ஆய்வு வேலையான ‘போஸ்ட்டாக்’குக்குத் தமிழில் என்ன சொல் என்ற பேச்சில் அண்ணாச்சி எழுதியது இது:

> ‘போஸ்ட்’ என்றால் பின், ‘டாக்டர்’ என்றால் முனைவர். ‘பின்முனைவர்’ என்று போட்டுவிட்டுப் போவோம். இதில் யோசிக்க என்ன இருக்கு?

இருக்கு அண்ணாச்சி. முனைவருக்குள் ஏற்கெனவே ஒரு ‘முன்’ உட்கார்ந்திருக்கிறது. தொல்காப்பிய மரபியலில் ‘வினையின் நீங்கி விளங்கிய அறிவின் முனைவன் கண்டது முதல்நூல் ஆகும்’ என்று வருகிறதே, அந்த முனைவன்தான் பட்டப்பெயராகி முனைவர் ஆனார். முன்நிற்பவன், முதல்வன். பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியரின் உரை இதை இறைவன் வரைக்கும் கொண்டு போகும். நமக்கு அவ்வளவு வேண்டாம். அந்த ‘முன்’ தலையில் ஒரு ‘பின்’னை ஏற்றினால், வண்டிக்கு இரண்டு பக்கமும் மாடு பூட்டிய கதைதான்.

அப்புறம், முனைவர் என்பது டாக்டரின் மொழிபெயர்ப்பே இல்லை. லத்தீனில் ‘டோகேரே’ என்றால் கற்பித்தல். டாக்டர் என்றால் வாத்தியார். இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் கற்பிக்கத் தரப்பட்ட உரிமத்தோடு ஒட்டி வளர்ந்த பட்டம் இது. இறையியல், சட்டம், மருத்துவம் மூன்றும் அங்கே மேல்துறைகள். மற்ற கலைகளெல்லாம் கீழ்த்துறை; அதற்குத்தான் பின்னாளில் ‘பிலாசபி’ என்று பெயர். அதனால்தான் இன்றைக்கு வேதியியலில் ஆய்வு செய்தவரும் ‘தத்துவ’ டாக்டர், அதாவது பிஎச்.டி. 1810இல் பெர்லின் பல்கலைக்கழகம் தொடங்கிய பிறகு, ஜெர்மானியர்கள் இதைச் சொந்த ஆய்வுக்கான பட்டமாக ஆக்கினார்கள். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் 1861இல் முதன்முதலாகக் கொடுத்தது. ஆக்ஸ்போர்டு 1917 வரை அசையவில்லை.

வாத்தியார் எப்படி ஊசி போடுபவர் ஆனார்? இதற்கு நாம் லத்தீனுக்குப் போக வேண்டாம். வித்தை தெரிந்தவர் வைத்தியர். பண்டிதர் என்றால் புலவர். நம் பக்கத்தில் மருந்து கொடுப்பவரும் பண்டிதர்தான். சாம்பவர் வடகரையில் பிறந்த ஆபிரகாம் பண்டிதர் சித்த மருத்துவர். 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ எழுதிய இசை ஆராய்ச்சியாளரும் அவரே. அந்த ஒரு சொல் இரண்டு வேலைக்கும் பொருந்தியது. ஆக, படித்தவனிடம் நோயைக் கொண்டுபோய்க் காட்டுவது உலகத்துக்கே பொது வழக்கம்.

எனக்கும் நேர்ந்தது. பட்டம் வாங்கிய புதிதில் வாசலில் ‘டாக்டர்’ என்று பலகை மாட்டினேன். மறுவாரமே பனையேறும் தாத்தா ஒருவர், கருக்கு கிழித்த கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். நான் படித்தது மண்ணியல். பலகையை ‘முனைவர்’ என்று மாற்றிய பிறகு அவரே, “இது என்ன வேலைய்யா?” என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குப் பிடித்தது. தெரியாத சொல் கேட்க வைக்கிறது, தெரிந்த சொல் தவறாக நம்ப வைக்கிறது.

சரி, போஸ்ட்டாக்குக்கு வருவோம். அது பட்டமே இல்லை. ஓரிரண்டு வருட ஒப்பந்தத்தில் செய்கிற ஆய்வு வேலை. நாற்றங்காலில் இருந்து பிடுங்கியாச்சு, முடியாகக் கட்டி வரப்பில் வைத்தாச்சு, வயலில் இன்னும் நடவில்லை. எங்கள் பக்கத்துப் பிசான நெல் சாகுபடி பார்த்தவர்களுக்கு அந்த நிலைமை புரியும். ‘பின்முனைவர்’ என்றால் முனைவருக்கு மேலே இன்னொரு பட்டம் என்றுதான் ஊரில் நினைப்பார்கள். கல்யாணப் பத்திரிகையில்கூடப் போட்டுவிடுவார்கள். ‘முதுமுனைவர்’ டி.லிட். என்ற மேல்பட்டத்துக்குப் போய்விட்டது. ‘மேலாய்வு’ என்றாலோ இன்ஸ்பெக்‌ஷன் ஞாபகம் வருகிறது.

என் பரிந்துரை ‘தொடராய்வர்’. செய்யும் பணி ‘தொடராய்வுப் பணி’. பட்டம் முடிந்தும் ஆய்வைத் தொடர்பவர், அவ்வளவுதான். டிவி சீரியலை ஆராய்கிறவரா என்று அண்ணாச்சி கேட்பீர்கள், தெரியும். ஒரே ஆட்களைப் பல வருடம் பின்தொடர்ந்து செய்யும் ஆய்வையும் சிலர் ‘தொடர் ஆய்வு’ என்கிறார்கள். அந்த இடறல்தான் எனக்கே உறுத்துகிறது. அதற்கு ‘நெடுங்கால ஆய்வு’ என்று ஒதுக்கிவிட்டால் இது தப்பிக்கும். இதைவிட நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள், என்னுடையதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ‘பின்’ மட்டும் வேண்டாம்.

பாளையங்கோட்டையிலிருந்து,
ஒரு மண்ணியல் முனைவர்